ஸ்பெயின்காரம்மாவும் உன் கல்யாணமும்

ராசா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு இப்போது அதெல்லாம் கேட்கிற மனசு இல்லை. கோபமாக இருக்கிறேன். கோபத்தோடு எழுதக் கூடாது என்று துணி துவைத்துப் பார்த்தேன், கோயிலுக்குப் போய் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்தும் பார்த்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. சரி, அதோடேயே எழுதுகிறேன். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். நம் சுரங்க லைன் வீட்டுச் சுவரின் லட்சணமும் தெரியும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து மேரி 'நூறு' என்பாள். ஆகவே இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் ஊரிகத்தில் இந்தத் தெருவே கேட்கிற கடிதம். கேட்கட்டும்.

'ஸ்டெல்லாவுக்கு நீதான் புத்தி சொல்ல வேண்டும் அம்மா' என்று எழுதியிருக்கிறாய். யூனியன் எலெக்‌ஷனில் கொடுத்த பேரை அவள் வாபஸ் வாங்க வேண்டுமாம். உங்கள் பேக்டரியில் உனக்கு இப்போதுதான் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறதாம். நாளைக்கு உன் பெண்டாட்டியே அதே பேக்டரி கேட்டில் மைக் பிடித்தால் மேலே இருக்கிறவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்களாம். குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டிருக்கிறாய். அடேயப்பா! குடும்பப் பெண்ணைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். நல்லது. ஆனால் அவளிடம் சொன்ன இன்னொரு வார்த்தையை எனக்கு எழுதவில்லையே, ஏன்? 'பேரை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் கல்யாணத்தை மறந்துவிடு' என்று சொன்னாயாமே. கோயிலில் இரண்டு முறை ஓலை வாசித்து ஊருக்கெல்லாம் உங்கள் கல்யாணத்தை அறிவித்தாகிவிட்டது. இதற்கு மேல் மறந்துவிடச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா ரயிலேறி இங்கே வந்திருந்தாள். நான் பூசை முடிந்து வருகிறேன், வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அழவில்லை. உள்ளே வந்தவள், நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். நானும் தடுக்கவில்லை. சிலருக்கு வாய் திறக்கக் கை வேலை செய்ய வேண்டும். கடைசிக் குண்டானைத் தேய்க்கும்போதுதான் பேசினாள். அவள் செக்‌ஷனில் பெண்கள் கக்கூசுக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிற பித்தளை டோக்கனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். அத்தனை பெண்களுக்கும் ஒரே டோக்கன். ஒருத்தி திரும்பி வருகிற வரைக்கும் மற்றவர்கள் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். பிள்ளைத்தாச்சிக்கும் அதே கதிதான். அதை ஒழிப்பதற்காகத்தான் எலெக்‌ஷனில் நிற்கிறாளாம். "அவரு மேஜமேலயும் இப்ப ஒண்ணு இருக்குது அத்தே" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ராசா.

"நீ இன்னா சொன்ன அவங்கிட்ட?" என்று கேட்டேன். "யோசிச்சு சொல்றேன்னேன். யோசிச்சிட்டேன் அத்தே. எனக்கு ரெண்டும் வோணும்" என்றாள். அவ்வளவுதான். குண்டானைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ரெண்டும் வேண்டும் என்று அவள் சொன்ன தினுசு இருக்கிறதே, கடையில் அரிசியும் பருப்பும் கேட்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். அன்று முழுக்க அந்தப் பேச்சுதான் என் காதில் இருந்தது.

சாயந்திரம் உன் தங்கை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, ஒங்க ஸ்பெயின்காரம்மா ஊருக்குத் திரும்பிட்டாங்களாம்!" என்று கத்தினாள். கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். எண்பது வயசு தாண்டிய கிழவி. இத்தனை வருஷம் ரஷ்யாவில் இருந்துவிட்டு, சர்வாதிகாரி செத்த பிறகு இந்த வருஷம் தன் மண்ணுக்குத் திரும்பி, போன சூட்டோடு எலெக்‌ஷனில் நின்று ஜெயித்தும் விட்டாளாம். அவள் நிஜப் பேர் நம் லைனில் யார் வாயிலும் நுழையாது. ஸ்பெயின்காரம்மா, அவ்வளவுதான். அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று நினைக்காதே. மாதாவையும் நாம் அப்படித்தான் பேசுகிறோம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் நைனா அவள் கதையைத்தான் உனக்குச் சொல்லித் தூங்க வைப்பார். உனக்கு மறந்திருக்கும். மறுபடி சொல்கிறேன், கேள்.

அவள் பிறந்ததும் நம்மூர் மாதிரி ஒரு சுரங்க ஊரில்தான். அங்கே இரும்பு, இங்கே தங்கம். அப்பனும் சுரங்கத்தில், கட்டினவனும் சுரங்கத்தில். டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள், வீட்டில் வசதி இல்லை. துணி தைத்தாள், ஊரார் வீட்டில் வேலை பார்த்தாள். ஆறு பெற்றாள். அதில் நாலு பெண் பிள்ளைகளைச் சின்னதிலேயே மண்ணுக்குக் கொடுத்தாள். மருந்தும் இல்லை, பாலும் இல்லை. உனக்கு முன்னால் ஒன்றைப் பறிகொடுத்தவள் நான். ஒன்றுக்கே எனக்கு இன்னும் ஆறவில்லை, நாலு என்றால் எப்படித் தாங்கினாளோ. அந்தத் துக்கத்தில் அவள் மூலையில் உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் எழுந்து பேசப் போனாள். சுரங்கத்துக்காரர்கள் பத்திரிகையில் எழுதினாள், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தாள், ஜெயிலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பார்லிமென்டுக்கும் போனாள். ராணுவத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பியபோது ரேடியோவில் பேசி ஊரையே எதிர்த்து நிற்க வைத்தாள். தோற்றுப்போய் நாட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. ரஷ்யாவில் இருக்கும்போது பெரிய யுத்தத்தில் ஹிட்லர் படையோடு சண்டை போட்டு அவள் மகன் செத்தான். மிஞ்சியது ஒரே ஒரு மகள்.

இதையெல்லாம் உன் நைனா சொல்லும்போது கண் பளபளக்கும். எனக்கு மட்டும் குழப்பம். ஏனென்றால் அதே ஸ்பெயினைப் பற்றிக் கோயிலில் சாமியார் வேறு கதை சொல்வார். அங்கே கம்யூனிஸ்டுகள் கோயிலைக் கொளுத்தினார்கள், குருக்களைக் கொன்றார்கள் என்று பிரசங்கம் வைப்பார். ஒரே ஸ்பெயின், நம் வீட்டுக்குள் இரண்டாக இருந்தது. "மெய்யாங்க?" என்று உன் நைனாவைக் கேட்டேன். "நடந்துதான் இருக்குது" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. அவள் கட்சி செய்த தப்புகளைத் தப்பு என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்த வருஷங்களும் உண்டாம். அதற்காக அவள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அவளை விட முடியவில்லை, என்ன செய்வது.

ஒருமுறை பெங்களூரிலிருந்து பேச வந்த தோழர் ஒருவர் நம் வீட்டில் சாப்பிட்டார். இலையில் கறி வைத்துக்கொண்டே, "அந்தம்மா புருஷன் இன்னா ஆனாரு?" என்று கேட்டேன். மனுஷனுக்குப் புரை ஏறிவிட்டது. "அவங்க ரெண்டு பேரும் தனித்தனியா போய்ட்டாங்கம்மா... அதெல்லாம் சொந்த விஷயம்" என்றார். "சோறு ஆக்கிப் போடறவளுக்கு அதுதாங்க மொதல் விஷயம்" என்றேன். உன் நைனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஸ்பெயின்காரம்மாவுக்கு ரெண்டும் கிடைக்கவில்லை, ராசா. நாட்டுக்காக நின்றாள், வீடு போயிற்று. எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லத்தான் இத்தனை நீட்டி எழுதுகிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. பூமிக்கடியில் ஒரு லெவலில் பாறை வெடித்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேற்பாறையைத் தாங்குகிற மரமுட்டுகளை மாற்றிக் கொடுங்கள், அப்புறம் வேலை செய்கிறோம் என்று ஆட்கள் கேட்டார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. உன் நைனா ஷிப்டு ஆட்கள், முட்டு வருகிற வரைக்கும் மேலே வரமாட்டோம் என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். பசித்தால் தானாக மேலே வருவார்கள் என்று சாப்பாடு இறக்கவும் விடவில்லை. இரண்டாம் நாள் நாங்கள் பெண்களெல்லாம் சோற்றுத் தூக்கோடு, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் போய் நின்றோம். அங்கே பார்த்தால் பக்கத்துக் கோரமண்டல் லைனிலிருந்து வேறு ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களை இறக்கி வேலையை நடத்தப் போகிறார்கள். அப்புறம் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் உட்கார்ந்திருந்து என்ன பயன்?

அப்போது எனக்கு ஸ்பெயின்காரம்மா ஞாபகம் வந்தாள். அவள் ஊர்ப் பக்கத்திலும் இப்படித்தான் சுரங்கத்துக்குள் ஆட்கள் உட்கார்ந்துவிட, அவளே கீழே இறங்கி அவர்களோடு போய் உட்கார்ந்தாள் என்று உன் நைனா சொல்லியிருக்கிறார். நான் யோசிக்கவே இல்லை. தூக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்க் கேஜுக்குள் ஏறி நின்றுவிட்டேன்.

நீ இந்த ஊரில் பிறந்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களை இறக்கி ஏற்றுகிற அந்தக் கேஜில் ஒரு பெண்பிள்ளை கால் வைத்ததே இல்லை. வைத்தால் சுரங்கம் ஆளைப் பலி கேட்கும் என்பார்கள். கேஜை இறக்கி ஏற்ற மணி அடிக்கிற நாராயணப்பா, பாவம், தெலுங்குக்காரர், கயிற்றை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "வத்தம்மா, வத்து! எறங்கு தல்லி!" என்று வேண்டாம் வேண்டாமெனக் கெஞ்சுகிறார். அவரைவிட எனக்குப் பயம் நம் பெண்களிடம்தான். "ஐயய்யோ, எறங்குடி! எங்க ஆம்பளைங்க உள்ள இருக்காங்கடி! அவங்க தலையில மண்ணப் போடாதடி!" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டு மேரி. "என் ஆம்பளையும் உள்ளதான்டி இருக்கறாரு!" என்று நானும் கத்தினேன். கேஜ் கம்பியை விடவில்லை.

துரை வந்தார். வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷமானாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை நாங்கள் துரை என்றுதான் சொன்னோம். நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா நிக்கட்டும், கால் வலிச்சா எறங்கிடும்" என்றார். அவர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. கோரமண்டல் ஆட்களைப் பார்த்து, அந்தம்மா இறங்கினதும் ஏறுங்கள் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. அவர்களில் பெரியவர் ஒருத்தர் முன்னால் வந்து கைகட்டி, "பொம்பள காலு பட்ட கேஜுங்க. நாங்க ஏறமாட்டோம்" என்றார். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "கழுவி விட்டா?" "கழுவினா போவுமாங்க? பூச போடணும். அதுக்கும் நாளு பாக்கணும்." பொரிந்து தள்ளினார் துரை. ஆட்கள் ஒவ்வொருத்தராக நழுவிப் போய்விட்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. நான் கீழே இறங்கத்தான் ஏறினேன், ஒரு முழம்கூட இறங்கவில்லை. இறங்காமலே வேலை நடந்துவிட்டது.

அப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது. "ஆளு ஏறமாட்டாங்க, சரி. சோறு ஏறும், மரம் ஏறும். அத ஏத்துங்க, நான் எறங்கறேன்" என்றேன். துரை போனில் யார் யாரிடமோ பேசினார். வேறு வழி இல்லை, ஷிப்டு வீணாகப் போய்விட்டது, மற்ற ஷாஃப்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் முதலில் எங்கள் தூக்குகள் இறங்கின. அப்புறம் மரம் இறங்கியது. நான் கேஜை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோது பெண்கள் யாரும் என் பக்கத்தில் வரவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை, எல்லோருக்கும் பயம்தான்.

கீழே நடந்ததை மற்றவர்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள். முட்டு வந்ததும் சந்தோஷப்பட்டவர்கள், சேதி தெரிந்ததும் கேஜில் ஏற மறுத்துவிட்டார்கள். பொம்பிளை ஏறிய கேஜ், அதிலும் உன் பெண்டாட்டி என்று உன் நைனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கோபப்படவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லையாம். "எம் பொண்டாட்டி நின்ன கேஜு. நான் ஏறாம வேற யாரு ஏறுவா?" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறி மணி அடிக்கச் சொன்னாராம். மேலே கேஜ் வந்து நின்றபோது அதற்குள் ஒரே ஒரு ஆள். உடம்பெல்லாம் தூசி, கண் மட்டும் தெரிகிறது. எல்லோர் எதிரிலும் அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். நேராக என்னிடம் வந்து காலித் தூக்கைக் கையில் கொடுத்து, "கொழம்புல உப்பு பத்தல" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். கேஜ் திரும்ப இறங்கி மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில மாதம் கழித்து வேறொரு லெவலில் கல் விழுந்து மேரியின் புருஷன் செத்துப்போனார். முட்டு மாற்றாத இடம் அது. ஆனால் மேரி என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "நீ ஏறினதாலதான்டி, நீ ஏறினதாலதான்!" நான் அந்த மண்ணைக் கூட்டி அள்ளினேன். சாவு வீட்டில் பெரியவர்கள் உன் நைனாவைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டியைக் கொஞ்சநாள் வெளியே விடாதே என்றார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவ ஏறினது தப்புன்னா, அதே கேஜ்ல வந்த நானும் தப்புதான். ரெண்டு பேரையும் சேத்து வெளிய தள்ளுங்க" என்றார். அடுத்த வாரம் குழாயடியில் எனக்கு யாரும் இடம் விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்த மனுஷன், தானே குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் வரிசையில் நின்றார். மேரி வருஷக்கணக்கில் என்னோடு பேசவில்லை. நெஞ்சில் தூசி அடைத்து உன் நைனா போன அன்றைக்குத்தான் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து விடாமல் பேசுகிறாள்.

இப்போது புரிகிறதா? எனக்கு ரெண்டும் கிடைத்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. உன் நைனா கேஜில் முதல் ஆளாக ஏறினார், அதனால் கிடைத்தது. ஸ்டெல்லா ஸ்பெயின்காரம்மா மாதிரி எல்லாவற்றையும் இழந்துதான் நிற்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தத் தாயும் சொல்லமாட்டாள். அவள் கேட்பது ஒரு கக்கூஸ் டோக்கன் ஒழிய வேண்டும் என்று. அதற்காக அவள் ஒரு வீட்டை இழக்க வேண்டுமா? மேலே இருக்கிறவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டாயே. உன் நைனா தூசிக் கோலத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தலை நிமிர்ந்துதான் வந்தார். நீ பார்த்தாய். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீயும் அன்றைக்கு அங்கேதான் நின்றாய்.

ஆகவே ஸ்டெல்லாவுக்கு நான் புத்தி சொல்லமாட்டேன். உனக்குத்தான் சொல்கிறேன். முதலில் உன் மேஜையில் இருக்கிற அந்தப் பித்தளையை எடுத்து உள்ளே போடு, பெண்கள் கேட்காமலே போய் வரட்டும். அப்புறம் அவளிடம் போய், சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. நானும் உன் தங்கையும் பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் இருப்போம். சாமியார் உங்கள் ரெண்டு பேர் பேரையும் வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். எப்போதும் கேட்பார், எப்போதும் எல்லோரும் சும்மா இருப்பார்கள். காலை ரயிலுக்கு நான் ஊரிகம் ஸ்டேஷனில் வந்து நிற்பேன். நீயும் அவளும் ஒன்றாக இறங்கினால், கோயிலில் நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ மட்டும் இறங்கினாலும், ஒருத்தரும் இறங்காவிட்டாலும், சாமியார் கேட்டதும் எழுந்து நிற்பேன். "சாமி, ஒரு தட இருக்குது. மாப்பிள்ளதான்" என்பேன். கேஜில் ஏறியவளுக்குக் கோயிலில் எழுந்து நிற்பதா கஷ்டம்?

இதைச் சொல்லிக்கொண்டே எழுதும்போது மேரி அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுகிறாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கள்ளி. "நானும் கூடவே எழுந்து நிப்பேன்னு எழுதுடி" என்கிறாள்.

எழுதிவிட்டேன்.

அம்மா